இடைவெளி விட்டால் போதுமா?

மனநிலையைச் சீராக்கும் என்று சொல்லி விற்கப்படும் சத்து மாத்திரைகளைப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறோம். கடிதங்களில் பாதிக்கு மேல், வெவ்வேறு சொற்களில், முதல் வாசகி கேட்டிருக்கும் கேள்வியையே கேட்டிருந்தன. பதிலளிப்பவர் மருந்தியல் துறை மருத்துவர்.

கேள்வி: எனக்கு 34 வயது. மனச்சோர்வுக்காக எட்டு மாதங்களாகத் தினமும் காலையில் எஸ்சிடலோபிராம் 10 மில்லிகிராம் எடுத்து வருகிறேன். தைராய்டு சுரப்புக் குறைவுக்கு லெவோதைராக்சினும் எடுக்கிறேன். அழுகையும் பதற்றமும் நின்றுவிட்டன. ஆனால் பெரிய துயரமும் இல்லை, பெரிய மகிழ்ச்சியும் இல்லை என்று மனம் மரத்துப்போனது போல இருக்கிறது. இதைக் கேட்ட என் அக்கா, 5-எச்.டி.பி. 100 மில்லிகிராமுடன் வைட்டமின் பி6, மெக்னீசியம் கலந்த காப்ஸ்யூலை வாங்கிக் கொடுத்திருக்கிறார். விதையிலிருந்து எடுக்கப்பட்டது, இயற்கையானது என்று குப்பியில் அச்சிட்டிருக்கிறது. மாத்திரையைக் காலையிலும் காப்ஸ்யூலை இரவிலும் எடுத்துக்கொண்டால் நடுவில் 12 மணி நேர இடைவெளி கிடைக்கிறதே, அது போதாதா? மருத்துவரிடம் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று தயக்கமாக இருக்கிறது.

பதில்: போதாது. காப்ஸ்யூலைத் தொடங்கவில்லை என்றால் தொடங்க வேண்டாம். தொடங்கிவிட்டீர்கள் என்றால் காப்ஸ்யூலை மட்டும் நிறுத்துங்கள். எஸ்சிடலோபிராமை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

உட்கொள்ளும் இரண்டு பொருள்கள் உடலுக்குள் மோதிக்கொள்ளும் இடங்கள் முக்கியமாக மூன்று. ஒன்று, அவை உறிஞ்சப்படும் குடல். இரண்டு, அவை சிதைக்கப்படும் கல்லீரல். மூன்று, அவை வேலை செய்ய வேண்டிய உறுப்பு, அதாவது உங்கள் விஷயத்தில் மூளையின் நரம்புகள். இவற்றில் மணிக்கணக்கில் இடைவெளி விட்டுத் தவிர்க்கக்கூடியது குடலில் நிகழும் மோதல் ஒன்றுதான். உங்கள் காப்ஸ்யூலில் இருக்கும் மெக்னீசியம், லெவோதைராக்சினைக் குடலிலேயே பற்றிக்கொண்டு அது இரத்தத்தில் கலப்பதைக் குறைத்துவிடக்கூடும். கால்சியமும் இரும்புச்சத்தும் அப்படியே செய்யும். வெறும் வயிற்றில் லெவோதைராக்சினை விழுங்கி, குறைந்தது நான்கு மணி நேரம் கழித்து இவற்றை எடுத்தால் அந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. இடைவெளி என்ற யோசனை இங்கே முழுமையாகப் பலிக்கிறது. அதனால்தான் அது எல்லா இடத்திலும் பலிக்கும் என்று பலரும் நம்பிவிடுகிறார்கள்.

எஸ்சிடலோபிராமின் கதை வேறு. ஒரு வேளை எடுத்த அளவில் பாதி உடலைவிட்டு நீங்கவே ஏறத்தாழ 30 மணி நேரம் ஆகும். ஆகவே, தினமும் அதை எடுத்துக்கொள்பவரின் இரத்தத்தில் அந்த மருந்து இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. காலை மாத்திரை, இரவுக் காப்ஸ்யூல் என்ற பிரிவினை உங்கள் மேசையின் மேல் இருக்கிறதே தவிர, மூளையில் இல்லை.

அங்கே இரண்டும் சேர்ந்து என்ன செய்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன். நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும், மனநிலையோடும் தொடர்புள்ள வேதிப்பொருள் செரோட்டோனின். நரம்பு முனையிலிருந்து வெளிப்படும் அது, தன் வேலை முடிந்ததும் அதே நரம்புக்குள் திரும்ப இழுத்துக்கொள்ளப்படும். எஸ்சிடலோபிராம் அந்த இழுப்பைத் தடுக்கிறது. உடலோ, டிரிப்டோபான் என்ற அமினோ அமிலத்திலிருந்து இரண்டு படிகளில் செரோட்டோனினைத் தயாரிக்கிறது. முதல் படி மெதுவானது, எவ்வளவு தயாரிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பதும் அதுவே. அந்தப் படியைத் தாண்டிய பிறகு கிடைக்கும் பொருள்தான் 5-எச்.டி.பி. அதை நேரடியாக விழுங்கும்போது உடல் தனக்கு வைத்துக்கொண்டிருக்கும் கட்டுப்பாட்டை நாம் தாண்டிவிடுகிறோம். இரண்டாம் படியை நடத்தும் நொதிக்கு வைட்டமின் பி6 தேவை. தயாரிப்பாளர்கள் அதையும் சேர்த்து அடைப்பதற்குக் காரணம் இதுதான். வடிகாலை ஒரு மருந்து அடைத்திருக்கும்போது, மற்றொன்று தொட்டிக்குள் நீரை ஊற்றிக்கொண்டிருக்கிறது.

இது அளவு மீறினால் செரோட்டோனின் நோய்க்குறித்தொகுப்பு என்ற நிலை உண்டாகும். அமைதியின்மை, கைநடுக்கம், வியர்வை, வயிற்றுப்போக்கு, வேகமான நாடித்துடிப்பு, விரிந்த கண்மணிகள், கால்களில் தன்னிச்சையான துடிப்பும் விறைப்பும் இதன் அடையாளங்கள். முற்றினால் கடும் காய்ச்சலும் குழப்பமும் வலிப்பும் வரும். புதிய பொருள் ஒன்றைச் சேர்த்தபின் அல்லது அளவைக் கூட்டியபின், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் இது தலைகாட்டும். இரண்டையும் சேர்த்து எடுத்த எல்லோருக்கும் இப்படி நேர்ந்துவிடும் என்று நான் பயமுறுத்த மாட்டேன்; எதுவும் நேராதவர்களே அதிகம். ஆனால் யாருக்கு நேரும் என்பதை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை. அதுவும், ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும் ஒரு மருந்தின் மேல், அதே வேலையைச் செய்யும் இன்னொன்றை யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் ஏற்றுவதில் உங்களுக்குக் கிடைக்கப்போகும் லாபம் என்ன என்பதே எனக்கு விளங்கவில்லை.

ஏனெனில், நீங்கள் எழுதியிருக்கும் அந்த மரத்துப்போன நிலை, செரோட்டோனின் போதவில்லை என்பதற்கான அடையாளமாக இல்லாமலும் இருக்கலாம். எஸ்சிடலோபிராம் வகை மருந்துகளை எடுப்பவர்களில் கணிசமானோர் இதையே ஒரு பக்கவிளைவாகச் சொல்வதுண்டு. அளவைக் குறைத்தோ, மருந்தை மாற்றியோ மருத்துவர் இதைச் சரிசெய்ய முயலுவார். தைராய்டு மருந்தின் அளவு போதாமலிருந்தாலும் இதே மந்தம் வரும். ஆகவே காப்ஸ்யூலைப் பற்றிச் சொல்லத் தயங்குவதைவிட, எதற்காக அதை நாட நினைத்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்குப் பயன்படும் செய்தி அதுதான். குப்பியையும் உடன் எடுத்துச் செல்லுங்கள். இன்னொன்று: அந்தக் குப்பியின் பட்டியலில் பயோட்டின் என்ற பெயர் இருந்தால், தைராய்டு பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்தியிருக்க வேண்டும். பயோட்டின் அதிக அளவில் இருந்தால் சில ஆய்வகக் கருவிகள் ஏமாந்து, தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோன்ற பொய்யான முடிவைக் காட்டும். அதை நம்பி உங்கள் மருந்தளவை யாராவது குறைத்துவிட்டால் மந்தம் இன்னும் கூடும்.

கேள்வி: நான் மனநல மருந்து எதுவும் எடுப்பதில்லை. தூக்கத்துக்காகவும் மனத்தெளிவுக்காகவும் 5-எச்.டி.பி. மட்டும் எடுக்கிறேன். எனக்கும் இந்த எச்சரிக்கை பொருந்துமா?

பதில்: தினமும் எடுப்பவற்றை நினைத்துக் கேட்கிறீர்கள், உங்களைப் போன்றவர்களுக்கு ஆபத்து வருவது எப்போதாவது எடுப்பவற்றிலிருந்துதான். வறட்டு இருமலுக்கான மருந்துகள் பலவற்றில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான் இருக்கிறது. அது செரோட்டோனினையும் தூண்டும். முதுகுவலிக்கோ, பல் பிடுங்கிய பின்போ எழுதித் தரப்படும் டிரமடால் அப்படியே. ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான் போன்ற மருந்துகளைச் சேர்த்து எடுக்கும்போதும் கவனம் தேவை. யாரும் சந்தேகிக்காதது லினெசோலிட். அது ஒரு கிருமிக்கொல்லி. ஆனால் செரோட்டோனினைச் சிதைக்கும் மோனோ அமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியையும் அது தடுக்கிறது. அந்த நொதியை முழுமையாகத் தடுக்கும் பழைய மனச்சோர்வு மருந்துகளுடன் 5-எச்.டி.பி.யை ஒருபோதும் சேர்க்கக் கூடாது என்பதில் மருத்துவர்களிடையே இரண்டாவது கருத்தே கிடையாது. லினெசோலிட் எடுக்கும் நாட்களிலும் அதே விதிதான்.

அறுவை சிகிச்சை திட்டமிடப்பட்டிருந்தால் மயக்க மருந்து நிபுணரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள். பெத்திடின், ஃபென்டனில் போன்ற வலிநீக்கிகளும், சில அறுவை சிகிச்சைகளில் பயன்படுத்தப்படும் மெத்திலீன் நீலம் என்ற சாயமும் செரோட்டோனினோடு தொடர்புள்ளவை. எனவே இத்தகைய சத்து மாத்திரைகளை இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வது வழக்கம். முதல் நாள் இரவு நினைவுக்கு வந்து சொன்னால், அவரும் சிகிச்சையைத் தள்ளிவைக்க முடியாமல், மருந்தை மாற்ற முடியாமல் திண்டாடுவார்.

உங்களுக்குக் குமட்டலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் அதற்கும் காரணம் இதுவாக இருக்கலாம். உடலின் செரோட்டோனினில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடலில்தான் இருக்கிறது. நீங்கள் மூளைக்கென்று விழுங்குவதில் ஒரு பகுதி குடலிலேயே செரோட்டோனினாக மாறிவிடுகிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்குப் பாதுகாப்பானது என்று சொல்லப் போதுமான ஆய்வுகள் இல்லை.

கேள்வி: மனச்சோர்வுக்காக எடுத்துவந்த ஃப்ளுவாக்செட்டினை நான் முந்தாநாள் நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாக இயற்கையான 5-எச்.டி.பி.க்கு மாற விரும்புகிறேன். எத்தனை நாள் கழித்துத் தொடங்கலாம்?

பதில்: நீங்கள் நிறுத்தியிருக்கலாம், ஃப்ளுவாக்செட்டின் இன்னும் நிற்கவில்லை. அது கல்லீரலில் நார்ஃப்ளுவாக்செட்டின் என்ற பொருளாக மாறி, அதுவும் அதே வேலையைச் செய்துகொண்டு வாரக்கணக்கில் உடலில் தங்குகிறது. இதன் காரணமாகவே, ஃப்ளுவாக்செட்டினை நிறுத்தியபின் மோனோ அமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பு மருந்து ஒன்றைத் தொடங்க மருத்துவர்களே ஐந்து வாரம் காத்திருக்கிறார்கள்; எஸ்சிடலோபிராம் உள்ளிட்ட அதே குடும்பத்தின் மற்ற மருந்துகள் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு வாரம் போதும்.

ஆனால் நாட்களை எண்ணித் தருவதோடு என் பதில் முடிந்துவிட்டது என்று கொள்ள வேண்டாம். ஃப்ளுவாக்செட்டின் மெதுவாக வெளியேறுவதால் முதல் சில வாரங்கள் நன்றாகவே இருப்பதுபோலத் தோன்றும். பழைய நோய் திரும்பினால் அது அதற்குப் பிறகே தெரியவரும். அப்போது நீங்கள் புதிய காப்ஸ்யூலை நம்பிக் காத்துக்கொண்டிருப்பீர்கள். மனச்சோர்வுக்கு 5-எச்.டி.பி. பயன்படும் என்பதற்கான ஆய்வுகள் சிறியவை, தரத்திலும் குறைந்தவை; நிரூபிக்கப்பட்ட ஒரு மருந்தின் இடத்தில் அதை வைக்க அவை போதாது. எந்தக் காரணத்துக்காக நிறுத்தினீர்களோ அதை இந்த வாரமே உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போதாவது தூக்கமே தேவைப்படாத அளவுக்கு மிகையான உற்சாகத்தில் நாட்கணக்கில் இருந்ததுண்டு என்றால் அதையும் மறைக்காதீர்கள். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு, மனநிலையை உயர்த்தும் எந்தப் பொருளும், எஸ்.ஏ.எம்.இ. என்ற பெயரில் விற்கப்படும் சத்து மாத்திரை உட்பட, பித்தெழுச்சியை, அதாவது அத்தகைய மிகையான உற்சாக நிலையை, தூண்டிவிடக்கூடும்.

கேள்வி: செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை மாத்திரையை இரண்டு மாதங்களாக எடுக்கிறேன், மனம் லேசாகியிருப்பது உண்மை. கருத்தடை மாத்திரையும் எடுக்கிறேன். சில வாரங்களாக மாதவிடாய் நாட்களுக்கு இடையே உதிரம் படுகிறது. தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்க வாய்ப்பு மிக அதிகம். இது நான் முன்பு சொன்ன கல்லீரல் மோதலுக்கு மிகத் தெளிவான உதாரணம். அந்த மூலிகையில் உள்ள ஹைபர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை இன்னும் அதிகமாக உற்பத்தி செய்யும்படி கல்லீரலைத் தூண்டுகிறது. விளைவாக, கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்கள் வழக்கத்தைவிட விரைவாகச் சிதைந்து, அவற்றின் அளவு இரத்தத்தில் குறைகிறது. இடையே படும் உதிரம் அதன் முதல் அறிகுறி. எதிர்பாராத கர்ப்பம் அடுத்தது. முதலில் ஒரு கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மூலிகையை எடுக்கும் காலத்திலும், நிறுத்தியபின் நான்கு வாரங்களுக்கும், ஆணுறை போன்ற வேறொரு முறையைக் கைக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேர இடைவெளி விட்டாலும் இது மாறாது. கல்லீரலில் கூடுதலாக உருவான நொதிகள் கடிகாரத்தைப் பார்ப்பதில்லை.

இந்த மூலிகையைப் பற்றி நான் சற்றுக் கடுமையாகவே பேசுவேன். 2000-ஆம் ஆண்டில், ஜூரிக் நகரில் இதய மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட இருவருக்கு, பொருத்தப்பட்ட இதயத்தை உடல் ஏற்க மறுத்த நிகழ்வு மருத்துவ இதழில் வெளியானது. இருவரும் இம்மூலிகையைத் தொடங்கியிருந்தார்கள். இதயத்தை உடல் நிராகரிக்காமல் காத்துவந்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு அதனால் இரத்தத்தில் சரிந்திருந்தது. எச்.ஐ.வி. மருந்துகள் பலவும், இதய நோய்க்கான டிகாக்ஸினும், இரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரினும் இதே விதமாகப் பாதிக்கப்படுகின்றன. மனநிலையை உயர்த்தும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. லேசான, நடுத்தர அளவிலான மனச்சோர்வில் இது பயன் தருவதாக ஆய்வுகள் இருக்கின்றன. மருந்தைப் போல வேலை செய்வதனால்தான் மருந்தைப் போலவே மோதுகிறது. எஸ்சிடலோபிராம் போன்றவற்றுடன் சேர்த்தால், முதல் பதிலில் சொன்ன செரோட்டோனின் ஆபத்தும் உண்டு.

பலர் கவனிக்காத மறுபக்கம் ஒன்றும் இருக்கிறது. வார்ஃபரின் எடுக்கும் ஒருவர் இம்மூலிகையையும் தெரியாமல் எடுத்துவந்தால், பரிசோதனை முடிவைப் பார்த்து மருத்துவர் வார்ஃபரினின் அளவை உயர்த்தியிருப்பார். பிறகு ஒருநாள் அவர் மூலிகையைச் சட்டென நிறுத்தினால், ஏறத்தாழ இரண்டு வாரத்தில் கல்லீரல் பழைய நிலைக்குத் திரும்பும். உயர்த்திய அளவு அப்போது மிகையாகி இரத்தக்கசிவை உண்டாக்கும். ஆகவே தொடங்குவதைப் போலவே நிறுத்துவதையும் சொல்லிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: ஃப்ளுவாக்சமின் என்ற மனநல மருந்தை எடுக்கிறேன். தூக்கத்துக்கு மெலடோனின் சேர்க்கலாமா?

பதில்: வேண்டாம். மெலடோனினைச் சிதைக்கும் நொதியை ஃப்ளுவாக்சமின் வலுவாகத் தடுப்பதால், சிறிய மாத்திரைகூட இரத்தத்தில் பல மடங்காகத் தேங்கி, மறுநாள் பகல் முழுவதும் உங்களை மந்தமாக்கிவிடும். தூக்கமின்மையை மருத்துவரிடம் தனியாகப் பேசுங்கள்.

கேள்வி: மனநிலைக்கான காப்ஸ்யூல், பி காம்ப்ளெக்ஸ், மெக்னீசியம் ஆகிய மூன்றையும் ஓராண்டாக எடுத்துவருகிறேன். மூன்று மாதங்களாக இரு பாதங்களிலும் குறுகுறுப்பும் எரிச்சலும் இருக்கின்றன. சர்க்கரை நோய் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்துவிட்டது. பி வைட்டமின் குறைவாக இருக்குமோ என்று இரண்டு மாத்திரையாக எடுக்கலாமா என யோசிக்கிறேன்.

பதில்: இரண்டாக்காதீர்கள், மூன்றையும் நிறுத்திவிட்டு, லேபிள்களை எடுத்து வைத்து ஒரு கூட்டல் போட்டுப் பாருங்கள். பிரிடாக்ஸின், பிரிடாக்ஸால் பாஸ்பேட், பி6 என்று எந்தப் பெயரில் இருந்தாலும் அது ஒன்றே. மெக்னீசியம் மாத்திரைகளிலும் அதைச் சேர்ப்பது பரவலான பழக்கம் என்பதால் மூன்றிலுமே அது இருக்கக்கூடும். வைட்டமின் பி6 நரம்புக்கு நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். அளவு மிஞ்சினால் அதே பி6 கைகால்களின் உணர்வு நரம்புகளைக் கெடுத்து, நீங்கள் சொல்லும் அதே குறுகுறுப்பையும் எரிச்சலையும் தரும் என்பது பலருக்குத் தெரியாது. நாளொன்றுக்கு உச்ச அளவாக அமெரிக்காவில் 100 மில்லிகிராம் வகுக்கப்பட்டுள்ளது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமோ 2023-இல் அதை 12 மில்லிகிராமாக நிர்ணயித்தது. இவ்வளவு வேறுபாடு இருப்பதே, மாதக்கணக்கில் எடுப்பவர்கள் குறைந்த எண்ணைக் கணக்கில் கொள்வதற்குப் போதுமான காரணம்.

நிறுத்தினால் பெரும்பாலானோருக்குப் படிப்படியாகக் குறையும், சிலருக்கு முழுமையாகக் குறையாமலும் போகலாம். பி6, பி12 இரண்டின் அளவையும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லி நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் போன்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் எடுத்திருந்தால் பி12 குறைந்திருக்க வாய்ப்புண்டு. அந்தக் குறைவும் பாதத்தில் எரிச்சலையும், மனத்தில் சோர்வையும் சேர்த்தே கொண்டுவரும். நீங்கள் முதன்முதலில் அந்தக் காப்ஸ்யூலை வாங்கக் காரணமான சோர்வே அதுவாக இருந்தாலும் நான் வியப்படைய மாட்டேன். பி வைட்டமின்களில் ஒன்றான ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிகமாக எடுத்தால், பி12 குறைவினால் வரும் இரத்தசோகை மறைந்து, நரம்புச் சேதம் மட்டும் சத்தமின்றித் தொடரும் என்பதால், பி12 முடிவு வரும்வரை எந்தச் சத்து மாத்திரையும் வேண்டாம்.

கேள்வி: 71 வயதான என் அப்பா பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா, கார்பிடோபா கலந்த மாத்திரையும் ராசாஜிலினும் எடுக்கிறார். இரும்புச்சத்து மாத்திரையும் உண்டு. எப்போதும் சோர்ந்தே இருக்கிறார். மனநிலைக்காக 5-எச்.டி.பி. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். கார்பிடோபாவின் வேலையே, மூளைக்கு வெளியே லெவோடோபா வீணாக மாறிவிடாமல் தடுப்பதுதான். அதற்காக அது தடுக்கும் நொதிதான் 5-எச்.டி.பி.யையும் செரோட்டோனினாக மாற்றுகிறது என்பதால், குடலில் மாறாமல் தப்பும் 5-எச்.டி.பி. கூடுதலாக மூளையை அடையும். ராசாஜிலினோ மோனோ அமைன் ஆக்ஸிடேஸ் தடுப்பு வகையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் நடுவில் இந்தக் காப்ஸ்யூலை வைப்பது எந்த விதத்திலும் ஏற்கத்தக்கதல்ல. சோர்வு பார்க்கின்சன் நோயின் ஒரு பகுதியாகவே வரக்கூடியது. அதற்குச் சிகிச்சையும் உண்டு, நரம்பியல் மருத்துவரிடம் அதைத் தனிக் குறையாகவே சொல்லுங்கள். இரும்புச்சத்து மாத்திரைக்கும் லெவோடோபாவுக்கும் இடையே இரண்டு மணி நேரமாவது விடுங்கள். புரதம் மிகுந்த உணவோடும் லெவோடோபாவைக் கொடுக்காதீர்கள். இங்கே நடப்பது குடலில் தொடங்கும் போட்டி, ஆகவே இடைவெளி உதவும்.

கேள்வி: நானும் என் தம்பியும் ஒரே அளவு டிரிப்டோபான் காப்ஸ்யூலை வெவ்வேறு நிறுவனங்களிலிருந்து வாங்குகிறோம். அவனுக்கு ஒன்றுமில்லை, எனக்குப் புதிய குப்பியைத் திறந்ததிலிருந்து தசைவலி. ஒரே பொருள் இருவருக்கும் வேறு விதமாக இருக்குமா?

பதில்: ஒரே பொருள்தானா என்பதே முதல் கேள்வி. 1989-இல் அமெரிக்காவில் டிரிப்டோபான் எடுத்தவர்களுக்குக் கடும் தசைவலியோடு, இரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வகை வெள்ளை அணுக்கள் பெருகும் ஒரு புதிய நோய் தோன்றியது. 1,500-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், 30-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலான நோயாளிகள் எடுத்தது ஒரே தயாரிப்பாளரின் டிரிப்டோபான் என்று தெரியவந்தது. தயாரிப்பு முறையில் செய்த மாற்றத்தால் கலந்த மாசுகளின் மேல்தான் பெரும் சந்தேகம் விழுந்தது. உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. தசைவலிக்கு நூறு சாதாரணக் காரணங்கள் உண்டு. ஆனாலும் காப்ஸ்யூலை இன்றே நிறுத்துங்கள், மருத்துவரிடம் சென்று இரத்த அணுக்களின் எண்ணிக்கையை, குறிப்பாக இயோசினோஃபில்களை, பார்க்கச் சொல்லுங்கள். குப்பியைத் தூக்கி எறிந்துவிடாமல், மீதிக் காப்ஸ்யூல்களோடும் தொகுதி எண் தெரியும்படியும் உடன் எடுத்துச் செல்லுங்கள்.